பெற்றவளும் வளர்த்தவளும்: திருச்சிராப்பள்ளி, திருவரங்க மரபுகளின் வழி வளர்ப்புப் பெற்றோர் சிக்கல் – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

வளர்ப்புப் பராமரிப்பு என்னும் சட்டவழி ஏற்பாட்டைத் தமிழ்ச் சூழலில் விளக்கும்போது யசோதையை முன்மாதிரியாகக் காட்டும் வழக்கம் உண்டு. அம்முன்மாதிரி எவ்வளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பெரியாழ்வார், குலசேகராழ்வார், ஆண்டாள் ஆகியோரின் பாசுரங்களும், திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் தலவரலாறும், அகப்பாடல்களின் செவிலி கூற்றுகளும், 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டத்தின் 44ஆம் பிரிவும் இதற்கு ஆதாரங்களாகின்றன. யசோதை தத்தெடுப்புக்கே அண்மையானவள் என்பதும், வளர்ப்புப் பராமரிப்புக்கு நெருக்கமான உருவங்கள் செவிலியும் தாயுமானவருமே என்பதும் இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: வளர்ப்புப் பராமரிப்பு, தத்தெடுப்பு, செவிலி, யசோதை, பெரியாழ்வார் திருமொழி, பெருமாள் திருமொழி, தாயுமானவர்.

முன்னுரை

தமிழில் 'வளர்ப்புத் தாய்' என்னும் தொடர் மூன்று வேறுபட்ட உறவுகளைச் சுட்டுகிறது. சட்டப்படி தத்தெடுத்தவள், பெற்றோரால் இயலாத காலத்தில் குழந்தையைத் தற்காலிகமாகப் பேணுபவள், எந்த ஆவணமும் இன்றி உறவு முறையில் எடுத்து வளர்ப்பவள் ஆகிய மூவரும் அச்சொல்லுக்குள் அடங்குகின்றனர். பேச்சுவழக்கில் இதனால் இடர் இல்லை. ஆனால் ஒரு குடும்பம் குழந்தைகள் நலக் குழுவின் முன் சென்று நிற்கும்போது இந்த மயக்கமே முதல் தடையாகிறது. 'நம் குழந்தை' என்ற எண்ணத்தோடு வருபவரிடம் 'இக்குழந்தை ஒருநாள் தன் வீட்டிற்குத் திரும்பலாம்' என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தில் பலர் பின்வாங்குவது இயல்பே.

இத்தயக்கத்தை நீக்க மேடைகளில் எடுத்துக்காட்டப்படுபவள் பெரும்பாலும் யசோதை. பெறாத பிள்ளையைப் பெற்றவளினும் மேலாகப் போற்றியவள் என்பதே அவளைப் பற்றிய பாராட்டு. இப்பாராட்டு உண்மையானது, ஆனால் அது பயன்படுத்தப்படும் இடம் பிழையானது. தன் மடியில் இருப்பது இன்னொருத்தியின் பிள்ளை என்பதை அறியாமல் வளர்த்தவள் யசோதை என்பதே கதை. அறிந்தே ஏற்று, அறிந்தே திருப்பித் தரவேண்டியவரே வளர்ப்புப் பராமரிப்புப் பெற்றோர். இவ்வேறுபாட்டைக் கவனியாத பாராட்டு, ஏற்பாட்டின் அடிப்படையையே மறைத்துவிடுகிறது.

திருச்சிராப்பள்ளியையும் திருவரங்கத்தையும் இக்கட்டுரை களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. காவிரியின் இரு கரைகளிலும், ஒன்றுக்கொன்று கூப்பிடு தொலைவில், பெறாதவர் பேணும் கதைகள் இத்தனை வேறுபட்ட வடிவங்களில் நிலைத்திருப்பதை வேறிடத்தில் காண்பது அரிது.

'பெறு' என்னும் வினை

குலசேகராழ்வாரின் பெருமாள் திருமொழியில் முதல் மூன்று திருமொழிகள் திருவரங்கத்தைப் பற்றியவை. திருவரங்கப் பெரிய கோயிலின் சுற்றுகளுள் ஒன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்நூலின் ஏழாம் திருமொழி தேவகியின் புலம்பலாக அமைந்தது. பெற்ற தாய், தான் காணாமற்போன பிள்ளைப் பருவத்தைத் தவணை தவணையாக எண்ணி அழுகிறாள்: தாலாட்டாதது, மழலை கேளாதது, உண்ட மிச்சில் காணாதது. தாய்மார் வரிசையில் தானே கடைப்பட்டவள் என்றும் கூறிக்கொள்கிறாள்.

திறனாய்வு நோக்கில் இங்குக் கவனிக்கத்தக்கது 'பெறு' என்னும் வினையின் ஆட்சி. தமிழில் இவ்வினை ஈன்றெடுத்தல், அடைதல் என்னும் இரு பொருள்களையும் தரும். நந்தன் பெற்றான், வசுதேவன் பெற்றிலன் என்று தேவகியே கூறுவதாக ஆழ்வார் அமைத்திருக்கிறார். யசோதை எல்லாம் பெற்றாள் என்றும் அவள் கூறுகிறாள். ஈன்றவளின் வாயிலிருந்தே, 'பெற்றவர்' என்னும் பட்டம் வளர்த்தவர்க்குச் சென்றுவிடுகிறது. இதனை வெறும் சிலேடை என்று கடந்துவிட இயலாது. குழந்தையைப் பெறுதல் என்பது ஒரு நாளில் முடியும் நிகழ்வன்று, அதன் நாள்தோறுமான செயல்களைப் பெறுவதே பெறுதல் என்ற கருத்து இதனுள் இருக்கிறது.

பெரியாழ்வார் இதே வினையை வேறொரு முறையில் ஆள்கிறார். அவர் திருமொழியின் முதற்பத்தில், கண்ணனின் அடிமுதல் முடிவரை காணுமாறு பெண்களை அழைக்கும் திருமொழியின் தொடக்கத்திலேயே, தேவகி யசோதைக்கு அனுப்பிவைத்த குழந்தை என்ற செய்தி வந்துவிடுகிறது. கைமாற்றம் மறைக்கப்படவில்லை. ஆனால் மூன்றாம் பத்தின் எட்டாம் திருமொழிக்கு வரும்போது யசோதை பெரும்பிள்ளையைப் பெற்றவள் ஆகிவிடுகிறாள். தொடக்கத்தில் பெற்றுக்கொண்டவள், இடையில் பெற்றவள். இவ்விரண்டிற்கும் நடுவே தாலாட்டு, அம்புலி, செங்கீரை, சப்பாணி, தளர்நடை, நீராட்டு, பூச்சூட்டு எனப் பராமரிப்பின் அன்றாடச் செயல்கள் நிறைந்திருக்கின்றன. பிற்காலப் பிள்ளைத்தமிழுக்கு இப்பகுதி முன்னோடி என்று இலக்கிய வரலாறுகள் கூறுவதோடு நின்றுவிடும். இவ்வரிசை ஒரு பெண் தாயாக ஆகும் வரிசையும் ஆகும் என்பதை அவை போதிய அளவு வலியுறுத்தவில்லை.

இந்த உருமாற்றம் அழகியது. ஆயினும் அதற்கு ஒரு விலை உண்டு. 'பெற்றவள்' என்னும் இடம் ஒன்றே என்று மரபு கருதும்போது, ஒருத்தி அதில் அமர மற்றொருத்தி எழ வேண்டியிருக்கிறது. தேவகியின் புலம்பல் அவ்வாறு எழுந்தவளின் குரல். சிறையில் இருந்ததால் பிள்ளையைப் பிரிந்தவள் அவள். வறுமையாலும் நோயாலும் சிறைவாசத்தாலும் பிள்ளையைப் பிரியும் பெற்றோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். யசோதையை மட்டும் எடுத்துக்காட்டும் விழிப்புணர்வு உரை தேவகியை மீண்டும் ஒருமுறை சிறையில் விட்டுச்செல்கிறது.

அரங்கத்திற்குச் சென்ற மகள்

பெரியாழ்வாரே வளர்ப்புத் தந்தை என்பது வைணவ மரபு. திருவில்லிபுத்தூரில் துளசித் தோட்டத்தில் கண்டெடுத்த பெண்மகவைக் கோதை எனப் பெயரிட்டு வளர்த்தார் என்றும், அவள் திருவரங்கநாதனையன்றி வேறொருவரை மணக்க மறுத்தாள் என்றும், அவளைத் திருவரங்கத்திற்கு அழைத்துவந்து அரங்கனிடம் சேர்த்தார் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறும். திருவரங்கத்தில் இன்றும் ஆண்டாளுக்கு உள்ளும் வெளியுமாக இரு சந்நிதிகள் உள்ளன.

மூன்றாம் பத்தின் எட்டாம் திருமொழியை, மகளைப் பிரிந்த பெரியாழ்வாரின் சொந்தத் துயரமாக வாசிப்பது மரபுரைகளில் வேரூன்றியது. மலர்கள் பனியால் உதிர்ந்து பொலிவழிந்த தாமரைப் பொய்கை போல் வீடு வெறுமையாயிற்று என்று தொடங்கும் அத்திருமொழி, மகள் சென்ற வீட்டார் அவளை எவ்வாறு நடத்துவர் என்ற ஐயங்களாக விரிகிறது. முறைப்படி மணம் நிகழுமா, மாமியார் பரிவு காட்டுவாளா, விடியுமுன் எழுந்து தயிர் கடைய இவளால் இயலுமா என்பன அவை. பாசுரங்கள் ஆண்டாளைப் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. பேசுபவள் அகமரபுவழி வந்த ஒரு தாய். அவளும் தன்னைப் பெற்றவளாகவே கூறுகிறாள். ஆகவே இதனை வாழ்க்கைக் குறிப்பாகக் கொள்வதற்கு அகச்சான்று இல்லை என்பதே என் கருத்து. எனினும் அவ்வாறு வாசிக்க வேண்டும் என்று ஒரு சமூகம் பல நூற்றாண்டுகளாக விரும்பியிருக்கிறது. அவ்விருப்பம் ஆராயத்தக்கது. பெறாத தந்தைக்கும் இழப்பு உண்டு, அதைச் சொல்ல ஓர் இடம் வேண்டும் என்ற உணர்வே அவ்வாசிப்பை நிலைபெறச் செய்திருக்கலாம்.

வளர்க்கப்பட்ட மகளின் சான்றும் நமக்குக் கிடைக்கிறது. முப்பது பாசுரங்கள் கொண்ட திருப்பாவையின் முடிவிலும், நாச்சியார் திருமொழியின் முடிவுப் பாசுரங்களிலும் அவள் தன்னைப் பட்டர்பிரானின் கோதை, விட்டுசித்தனின் கோதை என்றே அடையாளப்படுத்துகிறாள். திருவரங்கத்தைப் பாடும் பதினொன்றாம் திருமொழியின் இறுதியில், அரங்கனின் மெய்வார்த்தையை விட்டுசித்தர் கேட்டிருப்பார் என்கிறாள். அரங்கனிடம் போகத் துடிக்கும் பாடலிலும் வளர்த்த தந்தையின் அறிவே அவளுக்கு உறுதி. பிறப்பு அறியாத ஒரு பெண், வளர்ப்பையே தன் முகவரியாக எழுதிவைத்த இடங்கள் இவை.

இன்றைய சட்டத்தின்படி இந்நிகழ்வு எவ்வாறு நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது வேடிக்கைக்காக மட்டுமன்று. கைவிடப்பட்ட குழந்தையைக் கண்டவர் 24 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தையாயின் இரண்டு மாதங்களுக்குள் அதனைத் தத்துக்குரியதாக அறிவிக்கும் முறை உண்டு. தத்துக்குரிய குழந்தையை நீண்டகால வளர்ப்புப் பராமரிப்பில் விடக்கூடாது என்று 44ஆம் பிரிவு கூறுகிறது. கோதை தத்து மையம் வழியாக முன்பின் அறியாத ஓர் இணையரிடம் சென்றிருப்பாள். விட்டுசித்தர் விண்ணப்பித்தாலும், குருபரம்பரைக் கதைகளில் மனைவி முன்னிற்காத அவரைத் தனித்து வாழும் ஆடவராகக் கொண்டால், பெண்குழந்தையைப் பெறும் தகுதி அவருக்கு இராது. இதனால் சட்டம் தவறு என்று கூறவில்லை. தனியாடவர் பொறுப்பில் பெண்குழந்தையை விடாமைக்குக் காரணங்கள் வெளிப்படை. பெரியாழ்வாரை இன்றைய ஏற்பாட்டின் முன்னோடியாகக் காட்ட விரும்புவோர் இவ்வேறுபாடுகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதே இங்குக் கருத்து.

திருவரங்கத்து மரபில் பராசர பட்டரின் கதையும் உண்டு. கூரத்தாழ்வானின் மகனாகப் பிறந்த அவரை அரங்கனும் நாச்சியாரும் மகனாக ஏற்று வளர்த்ததாகக் கூறுவர். ஸ்ரீகுணரத்ன கோசம் இயற்றிய அவர் அந்த உறவை உரிமையோடு பேசியவர். பெற்றோர் அதே ஊரில் உடனிருக்க இன்னோர் இல்லத்திலும் மகனாக இருக்கும் நிலை அவருடையது. ஒருவர் எழுந்தால்தான் மற்றவர் அமரலாம் என்ற நெருக்கடி இங்கு இல்லை.

மலைக்கோட்டையில் இரு தாயர்

காவிரியின் தென்கரையில் உள்ள தலவரலாறு இதனினும் பொருத்தமானது. எல்லப்ப நாவலரின் செவ்வந்திப் புராணம் அதனைப் பாடுகிறது. பேறுகாலத்தில் இருந்த இரத்தினாவதி என்னும் வணிகர்குலப் பெண் தாயின் வரவை எதிர்பார்த்திருக்கிறாள். காவிரியில் வெள்ளம் பெருகியதால் தாய் வழியில் தடைப்படுகிறாள். இறைவன் அத்தாயின் வடிவில் வந்து மகப்பேறு பார்த்து, வெள்ளம் வடியும்வரை உடனிருந்து பேணுகிறான். உண்மைத் தாய் வந்து சேர்ந்தபோது இரு தாயரைக் கண்டு மகள் திகைக்க, வந்தவன் மறைகிறான். சித்திரைப் பெருவிழாவில் செட்டிப்பெண் மருத்துவம் என்ற பெயரில் இந்நிகழ்வு இன்றும் நடத்திக் காட்டப்படுகிறது. நலமாகப் பிள்ளை பெற்றோர் வாழைத்தார் கொண்டு நேர்த்திக்கடன் செலுத்துவர்.

இக்கதையில் பேணப்படுபவள் வளர்ந்த பெண். ஆயினும் பராமரிப்பின் அமைப்பைப் பாருங்கள். பெற்றவள் தீயவள் அல்லள், அலட்சியம் உடையவளும் அல்லள்; அவளைத் தடுத்தது வெள்ளம். மாற்றாக வந்தவர் அவளது இடத்தைப் பறிக்க வரவில்லை. தடை நீங்கும் நாள் வரையிலான பொறுப்பை ஏற்று, அவள் வந்ததும் இடத்தை அவளுக்கே விட்டுச் செல்கிறார். சட்டம் கூறும் குறுகியகால வளர்ப்புப் பராமரிப்பு இதுதான். அச்செயலுக்கு மரபு அளித்த பெயர் 'தாயும் ஆனவர்'. அதிலுள்ள உம்மை இலக்கண நோக்கில் எச்சவும்மை. தந்தையான இறைவன் தாயும் ஆனான் என்பது வழக்கமான விளக்கம். மற்றொரு தாய் இருக்க இவரும் தாய் ஆனார் என்று கொள்ளவும் அவ்வும்மை இடந்தருகிறது. பெற்றவளை நீக்காமல் தாயாதல் என்ற இப்பொருளே நம் ஆய்வுக்கு வேண்டுவது.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். கடவுளாதலால் அவர் துயரின்றி மறைய முடிந்தது. மனிதரால் அவ்வாறு மறைய இயலாது. தலவரலாறு விட்டுச்செல்லும் இந்த இடைவெளியை நிரப்பச் சங்க இலக்கியத்திற்கே செல்ல வேண்டும்.

சட்டம் பேசுவதும் பேசாததும்

44ஆம் பிரிவை இலக்கிய மாணவர் ஒரு பனுவலாக வாசித்தால், அதில் யார் எழுவாயாக வருகிறார், யார் செயப்படுபொருளாக வருகிறார் என்று முதலில் நோக்குவார். குழந்தையைக் குழுவின் ஆணைப்படி குறுகிய காலத்திற்கோ நீண்ட காலத்திற்கோ வளர்ப்புக் குடும்பத்தில் விடலாம். குடும்பத்தின் திறன், நோக்கம், முன்னனுபவம் ஆகியவை பார்க்கப்படும். உடன்பிறந்தாரைப் பிரிக்காதிருக்க முயல வேண்டும். கல்வி, உடல்நலம், ஊட்டம் ஆகியவை குடும்பத்தின் பொறுப்பு. மாதந்தோறும் ஆய்வு நடக்கும். குறை கண்டால் குழந்தை வேறு குடும்பத்திற்கு மாற்றப்படும். பெற்றோர் தகுதியற்றவர் என்றோ இயலாதவர் என்றோ கண்டதால் பிரிக்கப்பட்ட குழந்தையாயின் அவர்கள் வந்து பார்க்கலாம். தகுதி மீண்டதாகக் குழு கண்டால் குழந்தை அவர்களிடம் திரும்பலாம்.

வளர்ப்புக் குடும்பம் இப்பிரிவு முழுவதும் அளக்கப்படுகிறது, கடமை பெறுகிறது, ஆய்வுக்குட்படுகிறது. அது பேசும் இடம் ஒன்றும் இல்லை. குழந்தை திரும்பும் நாளில் வளர்த்தவர் கூறுவதைக் கேட்க வேண்டும் என்றோ, அதன்பின் அவர்கள் குழந்தையைக் காணலாம் என்றோ அப்பிரிவின் வாசகத்தில் இல்லை. குழந்தையின் நலனே மையம் என்பது ஏற்கத்தக்கதே. ஆனால் வளர்த்தவரோடு ஏற்பட்ட பிணைப்பு குழந்தையின் நலனுக்குப் புறம்பானதன்று. அப்பிணைப்பு ஒரே நாளில் அறுபடுவது, முன்பே ஒருமுறை பிரிவைக் கண்ட குழந்தைக்கு இரண்டாம் பிரிவு.

பொருளாதாரப் பக்கமும் எளிதன்று. மிஷன் வாத்சல்யா திட்டத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களின்படி குழந்தை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய் வழங்கலாம். முன்னர் இத்தொகை 2,000 ரூபாய். உறவினர் பொறுப்பில் வளரும் ஆதரவற்ற குழந்தைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் வழங்கும் 'அன்புக் கரங்கள்' திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கியது. பாட்டியும் தாய்மாமனும் சித்தியும் எவ்வித ஆணையும் இன்றிக் காலங்காலமாகச் செய்துவந்த பணியை அரசு கண்ணுற்றது வரவேற்கத்தக்கது. எனினும் பணம் பெற்று வளர்ப்பவரைச் சமூகம் 'கூலிக்கு வளர்ப்பவர்' என்றும், பணம் வேண்டாம் என்பவரைத் 'தத்துக்குக் குறுக்குவழி தேடுபவர்' என்றும் ஐயுறும் நிலை இருக்கும்வரை தொகையின் உயர்வு மட்டும் குடும்பங்களை அழைத்துவராது.

2016ஆம் ஆண்டின் மாதிரி வழிகாட்டுதல்கள் 2024இல் திருத்தப்பட்டன. திருமணமாகாதோர், துணையை இழந்தோர், மணமுறிவு பெற்றோர் ஆகியோரும் 35 முதல் 60 வயதிற்குள் இருப்பின் வளர்ப்புப் பெற்றோர் ஆகலாம். வளர்ப்பிலிருந்து தத்திற்கு மாறுவதற்கான காலம் ஐந்தாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டது. திரும்பிச் செல்ல வீடில்லாத வளர்ந்த குழந்தைகளுக்கு இது நன்மை. ஆனால் இதனை ஏற்பாட்டின் பொது விளம்பரமாக்கினால், வருவோர் அனைவரும் இரண்டாண்டுக் காத்திருப்பில் பிள்ளை பெற வருவோராக மாறும் வாய்ப்பு இருக்கிறது. அப்போது பெற்றோரின் வருகை நாள் ஒவ்வொன்றும் அச்ச நாளாகும். யசோதை முன்மாதிரி இவ்வச்சத்தை வளர்க்கவே செய்யும். கண்ணன் மதுரைக்குப் புறப்படும் நாளுக்கு அவளை எவரும் ஆயத்தம் செய்யவில்லை.

செவிலியின் வருகை

அகப்பாடல்களில் நற்றாயும் செவிலியும் ஒரே வீட்டில், ஒரே மகளுக்கு, ஒரே நேரத்தில் தாயராக உள்ளனர். தொல்காப்பியம் இருவருக்கும் தனித்தனியே கூற்று நிகழும் இடங்களை வகுத்திருக்கிறது. தாய் என்னும் இடம் ஒன்றே என்ற எண்ணம் இங்கு இல்லை. தோழி செவிலியின் மகள் என்பதால், செவிலிக்குத் தன் பிள்ளையும் பிறர் பிள்ளையும் ஒருங்கே உண்டு. வளர்ப்புப் பிள்ளையோடு தம் பிள்ளையையும் வளர்க்கும் இன்றைய குடும்பத்தின் நிலை இதுவே.

தலைவி உடன்போக்கில் சென்றபின் செவிலியின் துயரத்தை மரபு அடக்கச் சொல்லவில்லை. பாலை வழியில் எதிர்ப்படுவோரை நிறுத்தி வினவிக்கொண்டு தேடிச் செல்பவள் அவள். ஈன்ற தாயின் துயரத்திற்குக் குறைந்ததாக அது பாடப்படவும் இல்லை. செவிலிச் சமூகத்தின் பணிநிலை, நற்றாயின் குடிக்கு அவள் கீழ்ப்பட்டிருந்தமை ஆகியவற்றை நாம் மறக்கலாகாது. இலக்கியம் தந்த மதிப்பு வாழ்வில் எவ்வளவு கிடைத்தது என்பது தனி ஆய்வுக்குரியது. ஆனால் சொல்லும் உரிமை என்ற அளவில் செவிலி பெற்றிருந்த இடத்தை 44ஆம் பிரிவின் வளர்ப்புக் குடும்பம் பெறவில்லை.

பேயனார் பாடிய ஐங்குறுநூற்று முல்லையின் முதற்பத்து 'செவிலி கூற்றுப் பத்து'. மணந்து வாழும் மகளின் இல்லத்திற்குச் சென்று மீண்ட செவிலி, தான் கண்ட இல்வாழ்வின் இனிமையை நற்றாய்க்கு உரைப்பது அதன் பொருள். குறுந்தொகையிலும் கூடலூர் கிழாரின் பாடல் ஒன்று இவ்வாறே மகளின் அடுக்களையைக் கண்டுவந்த செவிலியின் செய்தியாக அமைகிறது. பெற்றவளுக்கு மகளைப் பற்றிய செய்தியைக் கொண்டுவருபவள் வளர்த்தவள். பிரிவுக்குப் பின்னும் உறவு முறிவதில்லை. பார்த்துவரும் உரிமை வளர்த்தவளிடம் இருக்கிறது. அவள் பார்த்துவருவதில் நற்றாய்க்கும் பயன் இருக்கிறது.

பெற்றோர் வளர்ப்புக் குடும்பத்திற்கு வந்து பிள்ளையைக் காண 44ஆம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு வழி செய்கிறது. பிள்ளை வீடு திரும்பியபின் வளர்த்தவர் சென்று காண்பதற்கு, குழுவின் இசைவோடும் பெற்றோரின் உடன்பாட்டோடும், அதே போன்ற ஓர் உட்பிரிவைச் சேர்க்க இயலும். வாரந்தோறும் வேண்டியதில்லை; திருவிழாவிற்கு ஒருமுறை, பள்ளித் தேர்வு முடிவு வரும்போது ஒருமுறை என்று தொடங்கலாம். வளர்ப்புக் குடும்பங்களுக்கான பயிற்சிகளில், குழந்தையை ஏற்கும் நாளைப் பற்றிப் பேசும் அளவிற்கு அதனை அனுப்பும் நாளைப் பற்றியும் பேச வேண்டும். அங்கே யசோதைக்குப் பதிலாகச் செவிலியை அறிமுகப்படுத்தத் தமிழாசிரியர்களுக்கு இடம் இருக்கிறது. 'வளர்ப்புத் தாய்' என்ற மயக்கத்திற்கு மாற்றாகச் 'செவிலிக் குடும்பம்' என்னும் சொல்லை ஆளலாமா என்பதும் எண்ணத்தக்கது. இன்று மருத்துவமனைப் பணியாளரைச் 'செவிலியர்' என்பதால் அச்சொல் குழப்பும் என்ற தடை எழும். திருச்சிராப்பள்ளியில் அத்தடை அவ்வளவு வலுவுடையதாக எனக்குத் தோன்றவில்லை. மலைமேல் இருப்பவரும் மகப்பேறு பார்த்துத் தாயானவர்தாமே.